கோலாலம்பூர் வீட்டில் ஒரு சர்வர்: வெளியூர்க் கையேடுகள் சொல்லாதவை

வீட்டில் சொந்தமாக சர்வர் (குடும்பப் படங்கள், ஆவணங்களை வைத்து எப்போதும் ஓடும் கணினி) வைத்துக்கொள்வது பற்றிய கையேடுகளை ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவர்கள்தாம் பெரும்பாலும் எழுதுகிறார்கள். டெபியன் என்ற லினக்ஸை நிறுவுங்கள், ஒவ்வொரு சேவையையும் தனி உறையில் (கண்டெய்னர்) ஓட்டும் டாக்கரைப் போடுங்கள், நாலு கண்டெய்னரை ஏற்றுங்கள் என்று அவர்கள் சொல்லும் படிகள் இங்கும் அப்படியே வேலை செய்கின்றன. ஆனால் செந்தூலிலோ செராஸிலோ ஒரு வீட்டில் சர்வர் படுத்துவிட்டால் அதன் காரணம் அநேகமாக அந்தப் படிகளில் இருக்காது. சாயங்கால இடி, டிபி பாக்ஸ் (வீட்டின் மின் விநியோகப் பெட்டி), அலமாரிக்குள் ஏறும் சூடு, இணையக் கம்பெனி தரும் இணைப்பின் வகை, தமிழில் பெயர் வைத்த கோப்பு என்று எங்கேயாவது ஒளிந்திருக்கும். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. டெபியன் நிறுவுவதை அரை மணி நேரத்தில் யாரும் முடித்துவிடலாம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

பெட்டி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்திய சிப்புகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்கள் கழித்துவிடும் 6-ஆம், 7-ஆம் தலைமுறைக் குட்டிக் கணினிகள் சந்தைக்கு வருகின்றன. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலீட்டெஸ்க் மினி மூன்றுமே லினக்ஸுக்கு அருமையான இயந்திரங்கள். ஆன்லைனிலும் வாங்கலாம், புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவில் நேரில் பார்த்தும் வாங்கலாம். நேரில் போவதுதான் நல்லது, ஏனென்றால் கடையிலேயே பெட்டியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டியது இரண்டு இருக்கிறது.

ஒன்று, பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போக முடிகிறதா என்பது. பழைய அலுவலகம் வைத்த கடவுச்சொல் அப்படியே இருந்தால் பின்னால் எதையும் மாற்ற முடியாது. மற்றொன்று அடாப்டர். டெல் கணினி தன் அசல் அடாப்டரை அடையாளம் காணவில்லை என்றால் சிப்பின் வேகத்தைக் குறைத்துவிடும். பெட்டி ஓடும், எல்லாம் நத்தையாக நகரும், காரணம் எந்த லாகிலும் பளிச்சென்று தெரியாது.

சினிமாப் படம் பார்க்க ஜெல்லிஃபின் என்ற மென்பொருள் வேண்டும் என்றால் 7-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் எடுங்கள். 6-ஆம் தலைமுறையின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் 10-பிட் எச்இவிசி வடிவ வீடியோவை வன்பொருளில் பிரிக்காது. புகைப்படங்களும் ஆவணங்களும் மட்டும்தான் என்றால் 6-ஆம் தலைமுறை ஐ5 போதும், ரேம் 16 ஜிபி இருக்கட்டும்.

இத்தகைய பெட்டி சும்மா இருக்கும்போது சுமார் 10 வாட் இழுக்கும். 10 வாட், 24 மணி, 30 நாள் என்று பெருக்கினால் மாதம் 7.2 யூனிட். பழைய மேசைக் கணினி ஒன்றை சர்வராக்கினால் 60 வாட் சாதாரணம், அது 43 யூனிட். மின் கட்டணத்தில் தெரியும் வித்தியாசம் இது.

எங்கே வைப்பது? டிவி அலமாரியின் மூடிய கதவுக்குப் பின்னால் வேண்டாம். அறையே 32 டிகிரி இருக்கும் ஊரில், மூடிய இடத்திலுள்ள ஹார்ட் டிஸ்க் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். டிஸ்க்கின் சூட்டை ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருள் காட்டும், 45-க்குள் வைத்திருக்கப் பாருங்கள். சாமி அறைக்குப் பக்கத்திலும் வேண்டாம். கற்பூரப் புகையும் சாம்பிராணியும் விசிறியின் இதழ்களில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் தூசி படிந்தால் ஊதித் துடைத்தாலும் போகாது. சமையலறை எண்ணெய் ஆவிக்கும் இதே கதைதான். எறும்பும் பல்லியும் வெதுவெதுப்பான பெட்டிக்குள் குடிவரும் என்பதால் திறந்திருக்கும் கேபிள் துளைகளில் மெல்லிய வலை ஒட்டிவிடுங்கள். காற்று போகும் வழியை மட்டும் அடைக்காதீர்கள்.

மின்சாரமும் இடியும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பருவம் மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி இல்லாத நாள் குறைவு. சர்வருக்கு இதில் வரும் ஆபத்து இரண்டு வகை: திடீர் மின்னழுத்த எழுச்சி, திடீர் இருட்டு.

ஃபைபர் இணைப்பு கண்ணாடி இழைதானே, அதில் இடி வராது என்று பலர் நினைக்கிறார்கள். இழையில் வராது, ஆனால் அதன் முனையிலுள்ள பெட்டி ஓர் அடாப்டர் வழியாகச் சுவரில் செருகியிருக்கிறது. அங்கிருந்து ரூட்டருக்கு, ரூட்டரிலிருந்து சர்வருக்குச் செம்புக் கேபிள் போகிறது. தரை வீடுகளில் இன்னொரு பாதையும் உண்டு. கூரையில் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவித் தட்டு, அதிலிருந்து இறங்கும் கேபிள், டிகோடர், டிகோடரின் பின்னால் ரூட்டருக்குப் போகும் லேன் கேபிள். இந்தக் கடைசித் துண்டைக் கழற்றிவிட்டு டிகோடரை வைஃபையில் இணைத்தால் கூரைக்கும் சர்வருக்கும் இடையே செம்பு இல்லாமல் போய்விடும். காசு செலவே இல்லாத பாதுகாப்பு.

எக்ஸ்டென்ஷன் வயரில் இருக்கும் சர்ஜ் பாதுகாப்பு நிரந்தரமானதல்ல. ஒவ்வோர் எழுச்சிக்கும் உள்ளிருக்கும் பாகம் கொஞ்சம் தேயும். தேய்ந்துபோனால் மின்சாரம் வழக்கம்போல வரும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. அதைச் சொல்லும் சிறு விளக்கு உள்ள மாடலாக வாங்கி, விளக்கு அணைந்ததும் மாற்றிவிடுங்கள். சொந்த வீடாக இருந்தால் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு டிபி பாக்ஸிலேயே டைப் 2 சர்ஜ் பாதுகாப்பு போடச் சொல்லலாம். அப்படியே எர்த் நன்றாக இருக்கிறதா என்றும் அளக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் இந்தச் சாதனங்கள் எழுச்சியைத் தள்ளிவிட இடமில்லாமல் நிற்கும்.

இனி இருட்டு. இடியில் இஎல்சிபி (மின் கசிவைத் தடுக்கும் சுவிட்ச்) டிரிப்பாகி விழுந்தால் யாராவது போய்த் தூக்கிவிடும் வரை வீடு முழுக்க மின்சாரம் இருக்காது. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கும்போது விழுந்தால் திரும்பி வரும் வரை அப்படியேதான். ஆகவே சர்வர் ஒழுங்காக அணையவும் வேண்டும், மின்சாரம் வந்ததும் தானாக எழவும் வேண்டும். இதற்கு யுபிஎஸ் (மின்சாரம் போனால் பேட்டரியில் தாங்கும் பெட்டி) வாங்கி வைத்தால் மட்டும் போதாது.

650 விஏ யுபிஎஸ் ஒன்றுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இருக்கும். சர்வர், ரூட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் சேர்ந்து 30 வாட் இழுத்தால் பேட்டரி புதிதாக இருக்கும்போது அரை மணிக்குக் குறையாமல் தாங்கும். நம் ஊர்ச் சூட்டில் இந்த பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் வலுவிழக்கும். வாங்கும்போது யுஎஸ்பி போர்ட் உள்ளதா என்று பார்ப்பது முக்கியம். அந்தக் கேபிள் வழியாகத்தான் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ், சுருக்கமாக நட், என்ற மென்பொருள் யுபிஎஸ்ஸோடு பேசும்.

மலிவான யுபிஎஸ்கள் ‘பேட்டரி குறைந்துவிட்டது’ என்ற எச்சரிக்கையை மிகத் தாமதமாகத் தரும். சில நேரம் அணைவதற்குச் சில வினாடி முன்புதான் வரும். அதை நம்பாமல், மின்சாரம் போய் ஐந்து நிமிடம் ஆனால் அணைந்துவிடு என்று நட்டின் டைமரில் எழுதிவிடுங்கள்.

அடுத்து வருவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பயாஸில் ‘மின்சாரம் திரும்பினால் எழு’ என்ற அமைப்பைப் போட்டுவிட்டோம், மின்சாரம் போய் ஆறாவது நிமிடத்தில் சர்வர் ஒழுங்காக அணைந்தது, ஏழாவது நிமிடத்தில் மின்சாரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யுபிஎஸ் இந்த நேரம் முழுக்கத் தன் வெளியீட்டை நிறுத்தவே இல்லை. கணினியின் பார்வையில் மின்சாரம் போகவே இல்லை, ஆகையால் ‘திரும்பி’ வரவும் இல்லை. அது அணைந்தபடியே கிடக்கும், யாராவது பொத்தானை அழுத்தும் வரை. தீர்வு நட்டிலேயே இருக்கிறது. கணினி அணையும் கடைசிக் கட்டத்தில் யுபிஎஸ்ஸுக்கு ‘உன் வெளியீட்டையும் துண்டித்துவிடு, பொது மின்சாரம் இருந்தால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கொடு’ என்று கட்டளை போகும்படி அமைக்க வேண்டும். எல்லா மலிவு யுபிஎஸ்ஸும் இதற்குக் கீழ்ப்படிவதில்லை. வாங்கிய வாரமே சுவர் சுவிட்சை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். முதலில் நீண்ட நேரம் அணைத்து வையுங்கள், பிறகு இன்னொரு முறை சர்வர் அணையும் தறுவாயில் சுவிட்சைப் போடுங்கள். இரண்டாவது சோதனையில்தான் உண்மை தெரியும்.

3.5 அங்குல டிஸ்க்கை வெளிப்பெட்டியில் வைத்திருந்தால் அதன் 12 வோல்ட் அடாப்டரையும் யுபிஎஸ்ஸிலேயே செருகுங்கள். கணினி மட்டும் யுபிஎஸ்ஸில், டிஸ்க் சுவரில் என்றிருந்தால் ஒரு நொடி மின் தடுமாற்றத்தில் டிஸ்க் மறைந்துவிடும், கணினி ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை சர்வர் எழும்போது டிஸ்க் வராமல் போனால், டாக்கர் அந்த இடத்திலுள்ள வெறும் கோப்புறைக்குள் எழுத ஆரம்பித்து சிஸ்டம் எஸ்எஸ்டியை நிரப்பிவிடும். இதைத் தடுக்க, டிஸ்க் ஏறாத நிலையில் அந்த வெறும் கோப்புறையை யாரும் எழுத முடியாதபடி மாற்றமிலாப் பண்பு கொடுத்துப் பூட்டிவையுங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி எழும்படி ‘நோஃபெயில்’ விருப்பத்தையும், எழும்போது ஏற்ற வேண்டிய டிஸ்க்குகளைச் சொல்லும் மவுன்ட் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கீபோர்டும் திரையும் இல்லாத பெட்டி அவசர நிலையில் நின்றுவிடும்.

வெளியிலிருந்து உள்ளே வர

சொந்த ரூட்டர் வைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது விலேன் எண், அதாவது ஒரே கம்பியில் வரும் சேவைகளைப் பிரிக்கும் எண். யுனிஃபையில் இணையம் 500, டிவி 600. டிஎம் (டெலிகோம் மலேசியா) கம்பியில் வரும் மேக்சிஸுக்கு 621. எண் தவறினால் எத்தனை முறை கடவுச்சொல்லைத் திருத்தினாலும் இணைப்பு ஏறாது.

அடுத்து, ரூட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரியையும், இணையத்தில் ‘என் முகவரி என்ன’ என்று கேட்டால் வருவதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அதிலும் ரூட்டரில் உள்ளது 100.64-இலிருந்து 100.127 வரை தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று பொருள். ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்து பயனில்லை. வெளியிலிருந்து வீட்டுக்குத் தனிச் சுரங்கம் போடும் டெய்ல்ஸ்கேலைப் போட்டுக்கொள்வதுதான் சுருக்கு வழி. பொது முகவரி இருப்பவர்களுக்கும் அதையே அல்லது அதே வேலையைச் செய்யும் வயர்கார்டையே சொல்வேன். குடும்பப் படங்களின் உள்நுழைவுப் பக்கத்தை உலகத்துக்கே திறந்துவைக்க எந்தத் தேவையும் இல்லை.

வயர்கார்டை நீங்களே அமைத்தால் எம்டியு-வை, அதாவது ஒரு தரவுப் பொதியின் அதிகபட்ச பைட் அளவை, கவனியுங்கள். அதன் இயல்பு மதிப்பு 1420. பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல்லோடு ஏறும்) இணைப்பின் எல்லை 1492. ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) வழியாகச் சுரங்கம் போனால் வயர்கார்ட் 80 பைட் சேர்க்கும், மொத்தம் 1500 ஆகி எல்லை தாண்டும். பிங் போகும், உள்நுழைவுப் பக்கம் திறக்கும், படங்கள் மட்டும் பாதியில் தொங்கும். 1412 என்று குறைத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று: யுஎஃப்டபிள்யு தீச்சுவரைப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் அதன் விதிகளைச் சுற்றிக்கொண்டு போகும். கண்டெய்னரின் போர்ட்டை எழுதும்போதே முன்னால் 127.0.0.1 (கணினி தன்னையே குறிக்கும் முகவரி) அல்லது டெய்ல்ஸ்கேல் முகவரியைச் சேர்ப்பதே சரி. மின்னஞ்சல் சர்வரை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். வீட்டு இணைப்பு முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய சேவைகள் ஏற்பதில்லை.

தமிழ்

நம் வீட்டுத் தாள்கள் மூன்று மொழியில் வருகின்றன. டிஎன்பி மின்சார பில் மலாயில், காப்புறுதிக் கடிதம் ஆங்கிலத்தில், கோயில் ரசீதும் தமிழ்ப்பள்ளிச் சுற்றறிக்கையும் தமிழில். இவற்றை ஸ்கேன் செய்து தேடும்படி வைக்க பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் போல இன்னொன்று இல்லை. வீட்டில் ஒரே ஒரு சேவைதான் வைக்க முடியும் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

எழுத்துகளைப் படிக்க அது டெசராக்ட்டைப் பயன்படுத்துகிறது. டாக்கர் படிமத்தில் ஆங்கிலமும் சில ஐரோப்பிய மொழிகளும்தான் கூடவே வரும். தமிழையும் மலாயையும் நாம் சேர்க்க வேண்டும். இதற்குப் பெயரில் ஓர் எழுத்து மட்டுமே வேறுபடும் இரண்டு அமைப்புகள் உள்ளன. பன்மையில் இருப்பது மொழிப் பொதிகளை நிறுவும், குறியீடுகளுக்கு இடையே இடைவெளி விட வேண்டும். ஒருமையில் இருப்பது எந்த மொழிகளில் படிப்பது என்று சொல்லும், குறியீடுகளுக்கு நடுவே கூட்டல் குறி வரும். இரண்டையும் நிரப்பினால்தான் வேலை நடக்கும். தமிழின் குறியீடு டி-ஏ-எம், மலாய்க்கு எம்-எஸ்-ஏ. 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், அதற்குக் கீழே போனால் புள்ளிகள் காணாமல் போகும். நல்ல அச்சிலும்கூடக் காலும் ரகரமும் அவ்வப்போது இடம் மாறும். கையெழுத்தை அது படிக்காது.

பழைய பிடிஎஃப்களில் வேறொரு சிக்கல். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழை டிஸ்கி, டேப், பாமினி என்று பல குறியேற்றங்களில் தட்டச்சிட்டோம். சங்க மலர், கோயில் விழா அறிக்கை போன்ற அக்காலக் கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். கோப்பில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறதே என்று பேப்பர்லெஸ் தன் இயல்பு முறையில் அந்தக் குப்பையையே எடுத்துக்கொள்ளும். ‘மறுபடி செய்’ முறையும் இங்கே உதவாது, அது முந்திய ஓசிஆர் (ஸ்கேனிலிருந்து படித்தெடுத்த எழுத்து) அடுக்கை மட்டும்தான் நீக்கும். ‘கட்டாயம்’ என்ற முறைதான் பக்கத்தைப் படமாக்கிப் புதிதாகப் படிக்கும். கோப்பின் அளவு கூடும், பரவாயில்லை. இதை எல்லா ஆவணத்துக்கும் போடாமல் பழைய தமிழ்க் கோப்புகளை ஏற்றும் நாளில் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தேடும்போது மேம்பட்ட தேடலைவிட ‘தலைப்பும் உள்ளடக்கமும்’ என்ற வடிகட்டி தமிழுக்கு நம்பகமானது. அது சொல்லின் எந்தத் துண்டையும் அப்படியே தேடும். கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘கோயில’ என்று தட்டுங்கள். கோயில், கோயிலுக்கு, கோயிலில் எல்லாம் வந்துவிடும். புள்ளியோடு தட்டினால் வேற்றுமை உருபு ஏறிய சொற்கள் தப்பிவிடும்.

கோப்புப் பெயருக்கும் எல்லை உண்டு. லினக்ஸில் வழக்கமான கோப்பமைப்பான எக்ஸ்ட்4, ஒரு பெயருக்கு 255 பைட்தான் தரும். யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘தைப்பூசம்’ நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறி, 27 பைட். நிகழ்ச்சியின் முழுப் பெயர், இடம், தேதி என்று வாக்கியமாகவே பெயர் வைப்பவர்களின் கோப்புகள் விண்டோஸிலிருந்து சர்வருக்குப் போகும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றுவிடும். என்ஏஎஸ் (வலையில் இணைக்கும் சேமிப்பு) பெட்டிகளில் இக்ரிப்ட்எஃப்எஸ் முறையில் குறியாக்கிய கோப்புறை என்றால் எல்லை 143 பைட், அதாவது 47 குறிகள். தேதியை எண்ணாக முன்னால் போட்டு, இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்துவது நல்ல பழக்கம்.

பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வரும் கோப்புகளில் கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் இரண்டாகப் பிரிந்த குறிகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் ‘கோலாலம்பூர்’ என்ற ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கம் பக்கமாக நிற்கும், ஆர்சிங்க் என்ற நகல் கருவி எல்லாவற்றையும் மறுபடி நகலெடுக்கும். கான்வ்எம்வி என்ற சிறு கருவி பெயர்களை ஒன்றுசேர்ந்த வடிவுக்கு மாற்றித் தரும். முதலில் அதன் ஒத்திகை முறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

ஜெல்லிஃபினில் தமிழ் வசன வரிகள் கட்டம் கட்டமாக வந்தால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். டெபியனில் லோகித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருப் பொதியை நிறுவினால் போதும்.

நகல்கள்

புகைப்படங்களுக்கு இம்மிச் என்ற மென்பொருளை வைப்பவர்கள் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் ஆல்பங்களும் முகப் பெயர்களும் போய்விடும், அவை போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் உள்ளன. ஓடிக்கொண்டிருக்கும் தரவுதளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் திரும்ப ஏறும் என்ற உறுதியும் இல்லை. இம்மிச் தினமும் அதிகாலை 2 மணிக்குத் தானே ஒரு டம்ப் (தரவுதளத்தின் முழு நகல்) எடுத்துப் பதிவேற்றக் கோப்புறைக்குள் வைக்கும். உங்கள் பேக்கப் அதற்குப் பின், 3 மணிக்கு மேல் ஓடட்டும். போஸ்ட்கிரெஸின் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டே வையுங்கள். ‘லேட்டஸ்ட்’ என்று விட்டால் ஒரு நாள் பெரிய பதிப்பு மாறும், பழைய தரவைத் திறக்க மறுக்கும்.

நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இடி ஒரே நேரத்தில் சர்வரையும் பக்கத்திலுள்ள பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்தே எடுக்கும். கிள்ளானிலோ ஈப்போவிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியையும் டிஸ்க்கையும் வைத்து, டெய்ல்ஸ்கேல் வழியாக ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளால் அனுப்புவது நன்றாக ஓடும். அந்த முனையில் ரெஸ்டிக்கின் ரெஸ்ட்-சர்வரைச் ‘சேர்க்க மட்டும்’ முறையில் ஓட்டினால், உங்கள் சர்வருக்குள் யாராவது புகுந்தாலும் அங்குள்ள பழைய நகல்களை அழிக்க முடியாது. முதல் நகலை வீட்டிலேயே எடுத்து டிஸ்க்கைக் கையில் கொண்டுபோங்கள். 500 ஜிபியை 50 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் அனுப்ப 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் வேகம் குறையாமல் இருந்தால்.

ரெஸ்டிக்கின் கடவுச்சொல் தொலைந்தால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் திறக்க முடியாது. தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். மாதம் ஒரு முறை ஒரு கோப்புறையை வேறொரு மடிக்கணினியில் மீட்டுப் பாருங்கள், சில படங்களைத் திறந்தும் பாருங்கள்.

வீட்டில் லினக்ஸ் தெரியாதவர்களுக்காக இன்னொரு யுஎஸ்பி டிஸ்க்கும் வேண்டும். குறியாக்கம் இல்லாமல், வருடம், மாதம் என்று சாதாரணக் கோப்புறைகளாகப் படங்கள் மட்டும். இம்மிச்சின் சேமிப்பு வார்ப்புருவை இயக்கிவிட்டால் சர்வரிலேயே அந்த அமைப்பில்தான் கோப்புகள் நிற்கும், அப்படியே ஆர்சிங்க் செய்தால் போதும். அந்த டிஸ்க்கை எக்ஸ்ட்4-ஆக அல்லாமல் எக்ஸ்ஃபேட்டாக வடிவமையுங்கள். விண்டோஸும் மேக்கும் செருகியவுடனே திறக்கும். அதன் பெயர் எல்லை பைட் கணக்கில் இல்லாமல் 255 குறிகள் என்பதால் தமிழ்ப் பெயர்களும் வெட்டுப்படாமல் உட்காரும்.